சூடு ஆறாத கேக்

1997 நவம்பர் 8, சனிக்கிழமை, பிற்பகல் நாலேகால். கொழும்பு வெள்ளவத்தையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மனைவி தனக்குக் கிடைத்த முதல் ஓடருக்காக மூன்று அடுக்குச் சொக்லேட் கேக் சுட்டிருந்தாள். அதைத் தெஹிவளையில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு.

“கெதியா ஐசிங்கைப் பூசுமப்பா. இருட்டினா செக் பொயின்றில ஆமிக்காரர் கேக்கையும் கிண்டுவாங்கள், என்னையும் கிண்டுவாங்கள்,” என்றேன்.

“சூடு ஆறட்டுமப்பா. இப்ப பூசினா வழிஞ்சுபோகும்,” என்றாள்.

நான் நாலு தரம் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவள் பூசினாள்.

வழியில் என்னை ஒருவரும் மறிக்கவில்லை. ஆனால் கேக்கின் சூட்டில் ஐசிங் உருகி, பஸ் குலுக்கலில் மேலடுக்குச் சரிந்து, பெட்டியின் ஒரு மூலையில் ஒட்டிக்கிடந்தது. திறந்து பார்த்த வீட்டுக்காரி சிரித்துவிட்டார்.

“சேர், இது கேக்கா, கரண்டியால அள்ளித் தின்னுற வட்டிலாப்பமா?”

முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பகிடியை மனைவியிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொன்னேன். அவசரப்படுத்தியது என் பிழை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேர் கேக் கேட்டு வந்தார்கள். “எனக்குச் சரிவராது,” என்று அவள் அனுப்பிவிட்டாள். கேக் சுடும் தொழிலுக்கென்று வாங்கிய மின்சாரப் போறணை சும்மா கிடந்தது. பதினோராயிரத்து ஐந்நூறுக்கு வாங்கியதைத் தை மாதம் நாலாயிரத்துக்கு விற்றோம். நட்டம் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா.