சுறாவின் முன் அடக்கிய மூச்சு

எனக்குப் புதுச்சேரியில் போட்டோ ஸ்டூடியோ. படம் ஆடக்கூடாது என்று மூச்சை அடக்கித்தான் பொத்தானை அழுத்துவேன்.

இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய பின், பிரெஞ்சுக் கடற்படையில் முக்குளிப்பவராக இருந்த என் மச்சான் ஊர் திரும்பினார். சுறாவைப் படமெடுக்கலாம் என்று குருசுக்குப்பத்து மீனவர் படகில் ஆழ்கடலுக்கு அழைத்துப் போனார். கேமராவைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்து, காற்று உருளையை என் முதுகில் கட்டிவிட்டு, "உள்ள மூச்ச அடக்காத மச்சான். அப்படியே மேல வந்தா காத்து விரிஞ்சு நுரையீரல் கிழிஞ்சிடும்" என்றார்.

சுறா நெருங்கியது. பழக்கம் விடவில்லை. மூச்சை அடக்கிப் படமெடுத்தவன், பயத்தில் அப்படியே மேலே எழும்பினேன். மச்சான் பாய்ந்து வந்து என் வயிற்றில் குத்தினார். அடைத்திருந்த காற்றெல்லாம் குமிழிகளாக வெளியேறியது.

படகில், "அடிச்சதுக்குக் கோச்சுக்காத" என்றார்.

படத்தில் வால் மட்டுமே விழுந்திருந்தது.

இப்போது மூச்சு விட்டுக்கொண்டேதான் படமெடுக்கிறேன். சில படங்கள் ஆடிப்போகின்றன. திட்டுகிறவர்களுக்குத் திரும்ப எடுத்துக் கொடுக்கிறேன், அப்போதும் மூச்சு விட்டுக்கொண்டே.