ஆதிரையின் கையில் இருந்த தட்டு

என் தங்கை ஆதிரை விண்வெளிக் கதைகளைச் செப்பனிடுகிறவள். பேர்லினில் அவள் வேலை செய்யும் பதிப்பகம் ஜெர்மன் மொழியில் அறிவியல் புனைகதைகளை மட்டுமே வெளியிடுகிறது. வருகிற பிரதிகளை வாசிப்பது, நல்லதைத் தேர்ந்தெடுப்பது, எழுதியவரோடு உட்கார்ந்து வரிவரியாகத் திருத்துவது, பின்னட்டைக் குறிப்பை எழுதுவது எல்லாம் அவள்தான். ஆனால் முன்னட்டையில் பதிப்பாசிரியர் என்று முதலாளி வீலாண்டின் பெயர் இருக்கும். எல்லாப் புத்தகத்திலும்.

நான் அதே நகரின் நொய்கெல்ன் பகுதியில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அதிகம் படிக்கவில்லை. தங்கை கொண்டுவரும் புத்தகங்களை முழுதாக வாசிக்குமளவுக்கு ஜெர்மன் வராது. யார் உழைத்தார்கள், யார் பெயர் போட்டுக்கொண்டார்கள் என்று அறிய அவ்வளவு ஜெர்மன் தேவையுமில்லை.

டிரெஸ்டனில் தாதியாக இருக்கும் எவ்லின் என்ற பெண் ஒரு நாவல் அனுப்பியிருந்தாள். வியாழனின் நிலவொன்றில் மருத்துவமனை நடத்தும் பெண்களின் கதை. வீலாண்ட் சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, "விண்வெளியில் பிரசவமா? எங்கள் வாசகர்கள் ஆண்கள்" என்று தூக்கிப் போட்டார். ஆதிரை அதை எடுத்து வைத்துக்கொண்டாள். எவ்லினோடு இரண்டு வருடம் உழைத்தாள். நடுப்பகுதியைக் கலைத்து மறுபடி அடுக்கவைத்தாள். பாதியில் செத்துப்போகிற மருத்துவரைக் கடைசிவரை உயிரோடு வைக்கச் சொன்னதும் அவள்தான். புத்தகம் அமோகமாக விற்றது. சென்ற வருடம் அதற்காகவே சிறந்த பதிப்பாசிரியர் விருது கிடைத்தது. வீலாண்டுக்கு.

அடுத்த புத்தகத்திலாவது தன் பெயரைப் போடும்படி ஆதிரை அவரிடம் நேரே கேட்டாள். அவர் சிரித்தாராம். அட்டையில் பெண்ணின் பெயரைக் கண்டால் வாசகர்கள் காதல் கதை என்று நினைத்து வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். அவள் அதைச் சொன்னபோது நான் ஒரு கோட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கோபத்தோடு வெட்டியிருந்தால் துணி பாழாகியிருக்கும்.

அந்த வாரமே எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் முருகேசு கடைக்கு வந்தார்.

"தங்கச்சியின்ர முதலாளிக்குப் பரிசாமே. எங்கட ஆண்டுவிழாவில அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்துவம்."

"வேலை செய்தது அவள் அண்ணை."

"ஓம், ஓம், தெரியும். முதலாளியைக் குளிரப் பண்ணினால் பிள்ளைக்குத்தானே நல்லம்? நான் அகதியா வந்து சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவின காலத்தில என்ர முதலாளிக்கும் இப்பிடித்தான் செய்தனாங்கள். மனுசன் உடனே வேலையை நிரந்தரமாக்கினவன்."

"அப்ப அவளுக்கு என்ன?"

"அவ தட்டு ஏந்தட்டும். மொழிபெயர்க்கவும் ஆள் வேணுமே."

ஆதிரை மறுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "வாறன் எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றாள். எவ்லினையும் வரச் சொன்னாள்.

விழாவில் வீலாண்ட் சந்தனப் பொட்டோடு மேடையில் இருந்தார். முருகேசு அவரை இலக்கிய வானின் சூரியன் என்றார். பொன்னாடை வைத்த தட்டோடு ஆதிரை வந்தாள். பெண் தட்டை ஏந்த, ஆண் எடுத்து ஆணுக்குப் போர்த்துவது எங்கள் மேடைகளின் வழக்கம். முருகேசு கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தட்டை ஒரு கதிரையில் வைத்துவிட்டு ஒலிவாங்கிக்குப் போனாள்.

"இவர் தூக்கிப் போட்ட கதையை எடுத்தது நான். திருத்தினது நான். பரிசு மட்டும் இவருக்கு. இந்தத் தட்டை நான் ஏந்த மாட்டன்."

தமிழ் தெரியாத வீலாண்ட், தன்னைப் புகழ்கிறாள் என்று நினைத்து எழுந்து கைதட்டினார். தனியாக.

"ஐயோ பாவம், தனக்கே தட்டுறார்" என்று பின்னால் ஒருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது.

"மொழிபெயர்க்கவும்தானே கூப்பிட்டனீங்கள் அண்ணை?" என்று முருகேசுவிடம் சொல்லிவிட்டு, ஆதிரை அதையே ஜெர்மனில் சொன்னாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கைதட்டல் நின்றது.

இதெல்லாம் அலுவலகத்தில் பேச வேண்டியது என்று வீலாண்ட் முணுமுணுத்தார்.

"அங்கே கேட்டேன். சிரித்தீர்கள்" என்றாள்.

எவ்லின் சபையிலிருந்து எழுந்தாள். அட்டையில் ஆதிரையின் பெயர் இல்லையென்றால் தன் அடுத்த நாவல் அவருக்கு இல்லை என்றாள்.

முருகேசு என்னிடம் பாய்ந்து வந்தார். "மானத்தை வாங்கிப்போட்டாள் உன்ர தங்கச்சி!"

"ஆரின்ர மானத்தை அண்ணை?" என்று கேட்டேன்.

பிறகும் வீலாண்ட் லேசில் விடவில்லை. உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'உதவி: ஆதிரை' என்று போட்டு மாதிரி காட்டினார். அவள் அதன் குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எவ்லினும் பிரதியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் வீலாண்ட் இணங்க, இந்த வசந்தத்தில் அந்த நாவல் வந்தது. முன்னட்டையில், பதிப்பாசிரியர் ஆதிரை சிறீதரன் என்று முழுப்பெயர். புத்தகக் கடைக்குப் போய் நின்று பார்த்தேன். ஆண்கள்தான் எடுத்தார்கள். பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தவர் எவரும் இல்லை.

வீலாண்டுக்குத் தாராள மனசு என்று முருகேசு இப்போது சொல்லித் திரிகிறார். என்ன தாராளம்? அவள் செப்பனிட்ட பழைய புத்தகங்கள் எல்லாம் இன்றும் அவர் பெயரோடுதான் விற்கின்றன. விருதும் அவர் அலுமாரியில்தான் இருக்கிறது.