இரண்டு டிஸ்க்குக்கும் பொட்டு

அலுவலகத்தில் என்னைக் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்’ என்பார்கள். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழிக்காமல் உருவத் தெரியும், அவ்வளவுதான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் எங்கள் பிரிவுக்கு அது போதும். வீட்டுக்கும் போதுமென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி, ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். ஊர் திரும்பியவர்களும் அவளை விடவில்லை. அவர்களுக்காகத் தன் குரலிலேயே பாடங்களைப் பதிவு செய்து அனுப்புவாள். ஒன்பது வருடப் பாடங்களும் எங்கள் கம்ப்யூட்டரின் பெரிய ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் கிடையாது. “இன்னொரு எடத்துலயும் போட்டு வெச்சிக்கலாமா?” என்று அவள் ஒருமுறை கேட்டாள். “நான் இருக்கும்போது உனக்கு எதுக்குக் கவலை?” என்று சொன்னவன் நான்.

ஒரு வாரமாக அந்த டிஸ்க் தேங்காய் துருவுவதுபோல் சத்தம் போட்டது. உழைத்த சரக்கு என்று அதே கம்பெனி, அதே அளவில் புதிது வாங்கிவந்துவிட்டு, மாட்டித்தர சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன்.

“இன்னிக்குப் பௌர்ணமி கிரிவலம் சார். வண்டிய உள்ள வுட மாட்டாங்க, ஜனம் வேற ஜாஸ்தி. ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். அதுவரைக்கும் ஆஃப் பண்ணி வெச்சிடுங்க.”

இரண்டு நாள் சும்மா இருக்க என்னால் முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். புது டிஸ்க்கை ஃபார்மட் செய்து முடிக்கும்வரை பழையதைக் கழற்றித் தனியே வைக்கச் சொன்னார்கள். தப்பித்தவறி அது அழிந்துவிடக் கூடாதாம். நல்ல யோசனை. பழையதைக் கழற்றிப் பளபளவென்று துடைத்து, புதியதன் பக்கத்தில் பேப்பர் விரித்து வைத்தேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மாறிப்போகாமலிருக்கப் புதியதற்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். அடையாளமும் ஆயிற்று, மங்களமும் ஆயிற்று என்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டு ஸ்க்ரூடிரைவரின் முனை மழுங்கியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினால், இரண்டு டிஸ்க்கிலும் பொட்டு. மனைவி பூஜைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

“ரெண்டுக்கும் நீயா வெச்ச?”

“பின்ன? ஒண்ணுக்கு வெச்சிட்டு ஒண்ணை வுட்டா நல்லாவா இருக்குது? உங்க பொட்டு கோணலா இருந்துச்சுங்க, அதையும் சரி பண்ணிட்டேன்.”

எது எதுவென்று தெரியவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். லேபிளில் தேதி இருந்தது. படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி வேண்டுமென்று ஒப்புக்கொள்ள எனக்கு என்ன வயதாகிவிட்டது, ஐம்பத்து மூன்றுதானே. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் நிபுணனைப்போல் திருப்பிப் பார்த்தேன். மினுமினுப்பு ஜாஸ்தி இருந்ததைப் புதியது என்று முடிவு செய்து மாட்டினேன்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். விண்டோஸ் வேறொரு சின்ன டிஸ்க்கில் இருந்ததால் அது வழக்கம்போல் ஓடியது. டிஸ்க் திரையில் தெரிந்ததும் ஃபார்மட் கொடுக்க வேண்டும். நடுவில் அது எதைக் கேட்டாலும் ‘யெஸ்’ கொடுப்பது என் வழக்கம். ஆனால் டிஸ்க் தெரியவே இல்லை. நான்கு முறை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். “டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டான்” என்று கடைக்காரரைத் திட்டிவிட்டுக் கைகழுவப் போனேன்.

சொன்னபடி சர்வீஸ்காரர் வந்தார். மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார்.

“டேட்டா கேபிள் மட்டும் மாட்டியிருக்கீங்க. பவர் கேபிள் சும்மா தொங்குது சார்.” பிறகு பொட்டைத் துணியால் துடைத்து லேபிளைப் படித்தார். “இது பழசாச்சே. புதுசு டேபிள் மேல கீது பாருங்க.”

மனைவி என்னைப் பார்த்தாள்.

“அந்தக் கேபிளையும் நீங்க ஒழுங்கா மாட்டியிருந்தா?”

“எல்லாம் போயிருக்கும்” என்றேன். என் ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கையில் நான் அரைகுறையாகச் செய்து உருப்பட்ட ஒரே காரியம் அதுதான். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அவர் இரண்டு டிஸ்க்கையும் ஒழுங்காக மாட்டி, புதியதற்கு எல்லாவற்றையும் நகல் எடுத்தார். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முதல் பாடத்தை ஓடவிட்டார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய அவள் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

“வணக்கம். புது ஊரில் உங்களுக்கு முதலில் தேவைப்படும் வாக்கியம் இது. ‘எனக்குத் தெரியாது.’ எங்கே, சொல்லுங்கள்.”

மாணவர் சொல்வதற்காக அவள் விட்டிருந்த இடைவெளி வந்தது. இருவரும் என்னையே பார்த்தார்கள்.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

“மிக நன்று” என்றது ஸ்பீக்கர். “மீண்டும் ஒருமுறை.”