நாற்பத்தொரு லினேரியா

தாட்சாயிணி அம்மாள் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு 1984 ஜூன் 11ஆம் தேதி வந்தார். கணவர் மணவாளன் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நீலகிரியிலிருந்து ஆவடிக்கு மாற்றலாகி வந்தவர். சாமான்களோடு ஒரு மூக்குப்பொடி டப்பாவும் வந்தது. அதில் மிளகாய்ப்பொடி போல நைசாக லினேரியா என்ற பூச்செடியின் விதை.

மலையில் அந்தச் செடி தானாக முளைத்து, வருடக்கணக்கில் நிற்குமாம். மெல்லிய இலை, கதிர் போன்ற தண்டு, அதில் ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள். ஆவடியில் நிற்காது, மே மாத வெயிலில் போய்விடும் என்று நான் சொன்னேன். "போனா போகட்டும் சார். விதை எடுத்துட்டு மறுபடி போட்டுக்கறேன்" என்றார்.

முதல் வருடம் எருவில் தூவிய விதையை மழை கொண்டுபோனது. 1985 நவம்பரில் முறையாகச் செய்தார். தட்டில் சலித்த மணல், அதன்மேல் விதை, உள்ளங்கையால் ஒரு அழுத்து. மண் போட்டு மூடவில்லை. வெளிச்சம் படாவிட்டால் இந்த விதை முளைக்காது. தட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து, ஈரம் கீழிருந்து ஏறும்படி விட்டார். ஒன்பதாம் நாள் முளைத்தது. வீட்டின் முன் நட்டவை நாற்பத்தொன்று.

1986 பிப்ரவரி 9, ஞாயிறு, குடியிருப்பின் தோட்டப் போட்டி. போட்டிக் குழுச் செயலாளர் நாகேந்திரன், எங்களுக்கு எதிர்வரிசையில் குடியிருந்தவர், காலையிலேயே மண்வெட்டியோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு களை எடுக்கச் சுற்றினார். தாட்சாயிணி குழாயடியிலிருந்து திரும்பியபோது நாற்பத்தொரு செடியும் குவியலாகக் கிடந்தன.

"மொட்டு விட்டிருந்துச்சே சார்!"

"இன்னாம்மா நீ? ஜட்ஜு வர்ற நேரத்துல கோரைய வளத்து வெச்சிகினு கீறே. களைகூடதான் மொட்டு வுடும்!"

குழாயடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நாகேந்திரனின் டேலியாவுக்கு அன்று முதல் பரிசு. அவர் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

டப்பாவில் பாதி விதை மிச்சமிருந்தது. அடுத்த ஜனவரியில் வாசல் முழுக்க ஊதா. நாகேந்திரனே வேலியோரம் வந்து நின்றார்.

"சூப்பரா கீதே! இன்னா பூம்மா இது? கொஞ்சம் வெத குடேன்."

அம்மாள் சிரித்த முகத்தோடு கொடுத்தார். "ஒரு விரல் ஆழத்துல போடுங்க சார். மேல எரு போட்டு நல்லா மிதிச்சு விடுங்க."

என்னை ஒருமுறை பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

அந்த நவம்பரில் நாகேந்திரன் மறுபடி வந்தார். "ஒண்ணுகூட மொளைக்கல தாட்சாயிணிம்மா."

"தண்ணி பத்தலை. ரெண்டு வேளையும் ஊத்துங்க."

ஊற்றினார். 1988இல் மட்டும் ஐம்பத்துநான்கு நாள், காலை இரண்டு வாளி, மாலை இரண்டு வாளி. அம்மாள் ஜன்னலருகே நாற்காலி போட்டு, காப்பி குடித்தபடி பார்ப்பார்.

"பாவம்டி அந்த ஆளு" என்றார் மணவாளன்.

"என் செடியும் பாவந்தான்."

1989இலும் அவர் விதை கேட்டார், அம்மாள் அள்ளிக் கொடுத்தார். இப்படி மூன்று வருடம். 1990 நவம்பர் பெருமழையில் அம்மாளின் தட்டு மூழ்கியது. டப்பாவைக் கவிழ்த்தால் ஒன்றுமில்லை. விதையெல்லாம் நாகேந்திரனின் மண்ணுக்குள் இருந்தது.

டிசம்பரில் நாகேந்திரன் குழாய் பதிக்கத் தன் பாத்தியைத் தோண்டினார். அடியில் கிடந்த விதை மேலே வந்து வெளிச்சத்தைக் கண்டது. பொங்கலுக்கு நான் எண்ணியபோது முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்று. மார்ச் முதல் வாரம் கை நிறையப் பூவோடு எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான வேலிக்கு வந்தார்.

"பாத்தியாம்மா! மூணு வருசம் கயிச்சு வந்துகினு கீது! இந்தா, உனக்குத்தான்."

அம்மாள் கை நீட்டவில்லை. "எண்பத்தாறுல இதையேதான் களைன்னு வெட்டிப் போட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"நானா? எப்போ?" அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்திருந்தார்.

"இதை மூடிப் போட்டா முளைக்காது சார். தெரிஞ்சுதான் அப்படிப் போடச் சொன்னேன்."

நாகேந்திரன், "ஒரு புல்லுக்கோசரமா மூணு வருசம் பொய் சொன்னே?" என்றார்.

"ஆமா. மூணு வருஷம் வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்துனீங்க. நான் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"இப்போ ஒங்கிட்ட ஒண்ணும் இல்லியே. வெதயாவது எட்த்துக்கோ."

"உங்க கையால வேண்டாம்."

அவர் பூக்களை வேலிமேல் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அங்கேயே கிடந்து காய்ந்தன. அம்மாள் அவற்றைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.