ஓனர் இல்லாத உள்ளான்

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டிவிட்ட உள்ளான் பறவை ஒன்று நேற்றிலிருந்து மேப்பில் அசையவில்லை. செத்திருக்குமோ என்று, கருவி கட்டிய என் தோழி மாலதி பயந்துகொண்டே வருகிறாள். வழிகாட்டி நான். ஃபோனைப் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்ப ஒரே டீக்கடைக்குக் கூட்டி வருகிறேன். உள்ளானோ சைபீரியாவிலிருந்து ஃபோன் இல்லாமலே வந்திருக்கிறது.

கடைசியில் புள்ளி காட்டும் வீடு கிடைக்கிறது. மாடியில் புறாக்கூண்டு. வீட்டுக்காரர் கவிழ்த்து வைத்த மீன்கூடையைக் காட்டுகிறார்.

"நண்டு வலையில மாட்டிக்கினு கெடந்துச்சு. முதுவுல பொட்டி கீது. பந்தயப் புறா மாரி யாரோ வளக்குறதுன்னு பத்திரமா வச்சேன். ஓனரு நீதானா அண்ணாத்த?"

"இதுக்கு ஓனரே கிடையாதுங்க."

"பொட்டி கட்டி வுட்டுட்டு ஓனரு இல்லியா? இன்னா கத இது! தெரிஞ்சிருந்தா நேத்தே வுட்டிருப்பேனே."

மாலதி இறக்கையை விரித்துப் பார்க்கிறாள். முறிவு இல்லை என்றதும் அவளுக்கு மூச்சு வருகிறது. அவரே கையில் வாங்கிப் பறக்கவிடுகிறார்.

உள்ளான் கழிமுகத்தைத் தாண்டி மறைகிறது. புறாக்காரர் பழக்கம், வட்டமடித்துத் திரும்பி வரும் என்று அவர் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வராது என்று தெரிந்த நானும் பக்கத்தில் நிற்கிறேன்.