பூனைக்கு என்று கேட்ட மீன்

போன கிழமை என் தோழி தனக்கு வந்த கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்; ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் ரயிலில் நின்றபடி வாசித்தேன். வாசித்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் அவளும் நானும் இன்னும் சில தமிழ்ப் பெண்களும் ஒன்றாக மீன் வெட்டினோம். நான் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டேன், அவள் அங்கேயே தங்கிவிட்டாள். தொழிற்சாலை மூடிய பிறகு, கருவாட்டுத் தொழில் தொடங்க உதவி கேட்டு விண்ணப்பித்திருந்தாள். வடக்கு ஊர்களின் திறமையை வளர்க்கவென்றே ஒஸ்லோவில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். இதுவும் சரிவராவிட்டால் அவள் அந்த ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

காரணத்தைக் கேளுங்கள். அவளுக்கு இதில் அனுபவமே இல்லையாம். கழிவு மீனில் கருவாடு போட்டுப் பழகியதாக அவள் எழுதியிருந்ததைத் தொழிற்சாலையின் பழைய மேற்பார்வையாளரிடம் விசாரித்தார்களாம். அந்தப் பெண்கள் கழிவு மீனைப் பூனைக்குத்தான் கொண்டுபோனார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

“அக்கா, அந்தாள் பொய் சொல்லேல்லை. நாங்கள்தானே அப்பிடிச் சொன்னனாங்கள்” என்றாள் தொலைபேசியில்.

நாங்கள் என்ன, நான்தான். தொழிற்சாலை கொட்டும் தலைகளையும் வயிற்றுத் துண்டுகளையும் முதலில் கேட்டது நான். கழிவைத் தின்கிறவர்கள் என்று நினைத்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டு, பூனைக்கு என்றேன். பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். வெயில் இல்லாத அந்த ஊரில் கருவாடு போட வழி கண்டுபிடித்தவள் அவள். உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, படகுக் கொட்டிலுக்குப் பின்னால் குளிர்காற்றில் கட்டித் தொங்கவிடுவாள். ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊர்களான திராமனிலும் லோறென்ஸ்கூக்கிலும் அந்தக் கருவாட்டுக்கு இன்றைக்கும் எங்கள் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். சுவரெல்லாம் படைப்பாற்றல் என்று பெரிய பெரிய எழுத்து. வடக்கில் புதிதாக யோசிக்கிற ஆட்கள் இல்லாததுதான் சிக்கல் என்று அந்த அதிகாரி எனக்கே விளக்கினார். யோசித்தவளுக்கு இல்லையென்று கடிதம் அனுப்பிவிட்டு, யோசிக்க ஆள் தேடுகிறார்கள். பூனைக்கு என்று சொன்ன என் வாய்மீதும் எனக்குக் கோபம் குறைவில்லை.

நடந்ததைச் சொன்னேன். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கையெழுத்து வைத்தால் மறுபடி பார்க்கலாம் என்றார். பேனையை வாங்கினேன். இத்தனை வருடம் கழித்தும் கை கூசியது. அழுத்தி எழுதினேன்: எங்களில் ஒருவரிடமும் பூனை இருந்ததில்லை. அந்த மீனைச் சாப்பிட்டது நாங்கள்.