மஞ்சள் துணியில் முடிந்த திர்ஹம்

முருகன் அருளால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், அன்பர்களே. எனக்கு ஜோடித்துப் பேச வராது.

நான் திண்டுக்கல் பக்கம். அமீரகத்து ஃபுஜைராவில் மலையை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷரில் லோடர் ஓட்டுகிறேன். என் ரூம்மேட் மங்கல், ஜார்க்கண்ட்காரன். அவன் ஊரில் வயலுக்கு நடுவே குழி தோண்டி, உள்ளே தவழ்ந்து போய் நிலக்கரி வெட்டுவார்கள். லைசென்ஸ் எல்லாம் கிடையாது. விவசாயம் பொய்த்த பிறகு அதுதான் பிழைப்பு.

மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, டூட்டி இல்லாத நாள், மங்கலுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. குழியின் வாய் சரிந்து மூடிவிட்டது. உள்ளே அவன் தம்பி சுக்லால்.

"போலீசுக்குச் சொன்னாங்களா?" என்றேன்.

"சொன்னா கேஸ் போடுவாங்க, பாய். ஊரே உள்ள போகணும். அவங்களே மண்வெட்டி வச்சுத் தோண்டுறாங்க."

அங்கே மழை விடவில்லை. தோண்டத் தோண்ட மண் சரிகிறதாம். தினமும் மெஷினில் மலை மலையாக அள்ளுகிறவன் நான். அங்கே ஒரு கூடை மண்ணை அள்ளிப்போட வழியில்லை.

எங்கள் வீட்டில் ஆபத்து என்றால் மஞ்சள் துணியில் காசு முடிவோம். மெஸ்ஸில் மஞ்சள்தூள் வாங்கிக் கரைத்து, கர்ச்சீப்பை நனைத்து, ஒரு திர்ஹத்தை முடிந்து முருகன் படத்தில் கட்டினேன். மழை விட வேண்டும், சுக்லால் உயிரோடு வந்தால் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

"உங்க சாமிக்கு எங்க ஊர் தெரியுமா?" என்று இந்தியில் கேட்டான் மங்கல்.

"தெரியலன்னா விசாரிச்சுட்டுப் போவாரு. நீ கும்புடு."

கும்பிட்டோம். இருவரும் அழுதோம்.

மறுநாள் சைட்டில், மங்கல் கையை ஆட்டிக்கொண்டு லோடரைப் பார்த்து ஓடி வந்தான். தம்பி பிழைத்துவிட்டான். பிழைத்த விதம்தான் வேடிக்கை. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் குழியிலிருந்து பூமிக்கடியிலேயே வழி நீட்டி, இவர்கள் கரியைத் திருடிக்கொண்டிருந்தார்கள். அதற்காக மங்கலின் ஊரே அவர்களுக்குச் சாபம் விட்டிருந்தது. சுக்லாலுக்குப் பாறைக்கு அப்பால் கடப்பாரைச் சத்தம் கேட்டிருக்கிறது. கல்லால் தட்டியிருக்கிறான். திருட வந்தவர்கள் ஓடிவிடவில்லை. சுவரை உடைத்து அவனை வெளியே இழுத்துவிட்டார்கள்.

நான் மழை விட வேண்டும் என்று கேட்டேன். முருகன் திருடர்களை அனுப்பினார். என்னத்தைச் சொல்ல!

லீவில் பழனிக்குப் போய் மொட்டை போட்டு, அந்தத் திர்ஹத்தை உண்டியலில் செலுத்தினேன். சுக்லால் இப்போது எங்கள் கிரஷரில்தான் இருக்கிறான். வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று நாங்கள் புலம்புவோம். அவன் மட்டும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்பான்.

நம்பிக் கேளுங்கள். யார் கையால் உதவி வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

எங்கள் முருகன் படத்தில் இப்போது இன்னொரு முடிச்சு தொங்குகிறது. மங்கல் தானே மஞ்சளில் நனைத்துக் கட்டியது. யாருக்கு என்று கேட்டேன்.

"அந்தத் திருட்டுப் பசங்களுக்குத்தான், பாய். இன்னும் இறங்கிட்டுத்தான் இருக்காங்க."